லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதே

என் மகனுக்கு, அல்லது மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிப்ரவரி மாதம், கல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் வீட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கல்யாணத்தின்போதோ, வேலைக்காக நீ வேறு ஊருக்குக் கிளம்பும்போதோ இதை உன்னிடம் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அம்மா லேக் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரும் தமிழ்ப் பத்திரிகைகளில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் தலை நரைத்தவர்கள்தான் எழுதுகிறார்கள். அன்பாகத்தான் எழுதுகிறார்கள். தாங்கள் செய்த தவறுகளைக்கூட ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பெரியவர் ஒருவர் நம்மைக் கைவிடும்போது பதினாறு வயதில் எப்படி இருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மறந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உன் அம்மாவாக ஆவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கடிதங்களில் எல்லாம் அறிவுரை இருக்கும். எனக்கு வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரியாது. உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கனமான டெலிஃபோட்டோ லென்ஸை வெளியே எடுத்துப்போகும்போது உடம்பு நோகாமல் எப்படித் தூக்குவது என்பது. தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் கொண்டுவரும் நீளமான லென்ஸ் அது. உன் காலத்தில் அதெல்லாம் கைக்குட்டை எடைக்கு வந்திருக்கலாம், உனக்குப் படமெடுப்பதில் ஆசையே இல்லாமலும் போகலாம். இருந்தாலும் படி. எனக்கு நடந்ததை லென்ஸை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. உன் தாத்தாவை இதில் அப்பா என்றே எழுதுகிறேன். எனக்கு இப்போது அவர் அப்பா மட்டும்தான்.

அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகளைப் படமெடுப்பார். எங்கள் தெருவில் ஒரு புகைப்படச் சங்கம் இருக்கிறது. அதன் பதினோரு பேரும் சேர்ந்து எங்கிருந்தோ ஒரு பழைய பெரிய லென்ஸை வாங்கி வைத்திருக்கிறார்கள். தனியாக வாங்க யாருக்கும் வசதியில்லை. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து எடுத்துப்போவார்கள். லென்ஸ் இருப்பது ஷோமு காக்குவின் பீரோவில். காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காக்கு. பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சங்கத்தில் சேர அப்பா நான்கு வருடம் காத்திருந்தார். அதில் வங்காளி அல்லாதவர் அவர் ஒருவர்தான். அவரை "நொட்டோராஜ்-தா" என்று கூப்பிடுவார்கள். நடராஜன் என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படித்தான் வரும், 'தா' என்றால் அண்ணன். அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான். முதல்முறை அப்படிக் கூப்பிட்டதை வீட்டில் வந்து இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவின் முறை வந்த முதல் வாரமே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. எலும்புத் தேய்மானம் என்று சொல்லி டாக்டர் பட்டை போட்டுவிட்டார், கனம் தூக்கக்கூடாது என்றார். அப்பா கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தூக்கிட்டு வர்றேன்பா" என்றேன். இப்படித்தான் நான் லென்ஸ் தூக்குகிறவள் ஆனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் போகும் இடம் ஹவுரா பக்கம் உள்ள சாந்த்ராகாச்சி ஏரி. குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். சீழ்க்கை அடிப்பதுபோல் கத்தும் சிறிய பழுப்பு நிற வாத்துகள். பெஹாலாவிலிருந்து ஒரு பஸ், அப்புறம் புதுப் பாலத்தைத் தாண்டிப் போகும் மினி பஸ், அதன்பின் ரயில் தண்டவாளத்தை ஒட்டி நடை. முதல் நாள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கேமராவில் லென்ஸைப் பொருத்தி, கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பாலம் தாண்டும் முன்பே பின்கழுத்தில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. நடக்கும்போது லென்ஸ் வயிற்றில் இடித்தது. மறுநாள் பள்ளியில் கரும்பலகையைப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அந்த முதல் நாள் ஏரியிலிருந்து திரும்பி வரும் வழியில் காபிப் பொடி வாங்க லேக் மார்க்கெட்டில் இறங்கினோம். வழக்கமாகப் போகும் தமிழ்க் கடைக்காரரிடம், இதன் எடை எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் தராசில் துணி விரித்து வைத்தார்.

"மூணேகால் கிலோ. துவரம்பருப்பா இருந்தா உங்க வீட்டுக்கு ஒரு மாசம் வரும்."

"சாம்பார் வைக்க முடியாதுண்ணே, படம்தான் எடுக்கலாம்" என்றார் அப்பா.

"அதை இந்தப் பொண்ணு தலையில கட்டிட்டீங்களாக்கும்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எனக்குத் தெரியாத எதையும் முதலில் புத்தகத்தில் தேடுவேன். நூலகத்தில் இருந்த புகைப்படப் புத்தகங்களில் துளை, வேகம், வெளிச்சம் எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது. தூக்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவற்றை எழுதியவர்களுக்கு வேறு யாராவது தூக்கி வந்திருப்பார்கள் போலும். எனவே புத்தகத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஊருக்குப் போக ஹவுரா நிலையத்துக்குப் போனபோது போர்ட்டர்களைக் கவனித்தேன். பெட்டியைத் தூக்கும்போது அவர்கள் இடுப்பை வளைக்கவில்லை, முழங்காலைத்தான் மடக்கினார்கள். துண்டைச் சும்மாடாகச் சுற்றி அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். எந்தக் கனத்தையும் உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடிக்கவில்லை. கனம் உடம்புக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு லேசாகிறது. இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

உனக்கும் சொல்கிறேன். பெரிய லென்ஸின் அடியில் கால் மாதிரி ஓர் உலோகத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முக்காலியில் திருகுவதற்கான இடம் அது. பிடிக்க வேண்டியது அந்தக் காலைத்தான். வார் கட்ட வேண்டியதும் அதில்தான், கேமராவில் இல்லை. கேமராவைப் பிடித்துத் தூக்கினால் மூணேகால் கிலோவும், கேமராவும் லென்ஸும் பொருந்தும் அந்த ஒரு வளையத்தில் தொங்கும். வளையம் மெல்லியது, எதிலாவது இடித்தால் வளைந்துவிடும். என் பழைய பள்ளிப்பையின் அகலமான பட்டையை அறுத்து, அப்பாவின் கிழிந்த வேட்டியை நான்காக மடித்து உள்ளே வைத்துத் தைத்தேன். உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும், அதைவிடக் குறுகினால் தோளை அறுக்கும். பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்கே போட்டால் லென்ஸ் தலைகீழாக இடுப்புக்குச் சற்றுப் பின்னால் தொங்கும். நடக்கும்போது ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொள், ஆடாது. வலி வந்த பிறகு தோள் மாற்றாதே, வருவதற்கு முன்பே மாற்று. நான் ஏழு விளக்குக் கம்பங்களுக்கு ஒருமுறை மாற்றுவேன். வெகுதூரம் நடப்பதானால் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள். லென்ஸ் பையின் அடியில் கிடக்கக்கூடாது, முதுகை ஒட்டி உயரமாக நிற்க வேண்டும். துப்பட்டாவால் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் பாதிக் கனம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். பஸ்ஸில் தரையில் வைக்காதே, எஞ்சின் நடுக்கம் திருகாணிகளைத் தளர்த்தும். மடியில் வைத்துக்கொள்.

ஒற்றைக்கால் கம்பில் பொருத்தித் தோளில் சாய்த்துக்கொண்டும் போகலாம். அதற்கு வங்காளிகள் தோளில் போடும் சிவப்புக் கட்டம் போட்ட மெல்லிய துண்டு, கம்சா, நல்ல சும்மாடு. ஆனால் கூட்டத்தில் அது கூடாது. நான் அப்படி மினி பஸ்ஸில் ஏறப் போனபோது கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டே, "ஓ தீதி, பீரங்கியை எங்க கொண்டு போற? ஹவுராவில யுத்தம் நடக்கறதா யாரும் சொல்லலையே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கண்டக்டர் எங்களைப் பார்த்தால் "பீரங்கிக்கு இடம் விடுங்க" என்று கத்தி எனக்கு ஜன்னலோரம் வாங்கித் தருவார்.

இரண்டு குளிர்காலம் தூக்கினேன். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் ஞாயிறு மாலைகளில் காக்கு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். காக்கு லென்ஸின் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், முன்விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவார், தன் கேமராவில் பொருத்தி எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியை உற்றுப் பார்ப்பார். அது முடியும்வரை யாருக்கும் டீயும் பொரியும் வராது. எங்கள் முறை வரும்போதெல்லாம் டீ சீக்கிரம் வந்துவிடும். "மாமொனி கையில இருந்தா நான் பார்க்கவே வேண்டாம்" என்பார் காக்கு. மாமொனி என்பது அவர் எனக்கு வைத்த செல்லப் பெயர். போன அக்டோபரில், பூஜை முடிந்த பிறகு, ஜனவரியில் சுந்தரவனத்துக்குப் படகில் மூன்று நாள் போவதாகச் சங்கத்தில் முடிவானது. எட்டு இடம். எட்டாவது யார் என்ற பேச்சு வந்தபோது காக்கு, "லென்ஸை யார் தூக்குறது? நீங்களா? மாமொனிதான் எட்டாவது" என்றார். நான் அந்த மாதமே அலையாத்திக் காடுகளைப் பற்றி மூன்று புத்தகம் படித்தேன். அங்கே மட்டும் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் மீன்கொத்திகளின் பட்டியலை எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். அதுவரை எந்த இடத்துக்கும் நான் யாருடைய மகளாகவோதான் போயிருக்கிறேன். இந்த இடம் எனக்கே கிடைத்தது. நான் நன்றாகச் செய்த ஒரு வேலைக்காகக் கிடைத்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. ஏரியிலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பாவின் மேலதிகாரி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதை இங்க கொடு."

"கழுத்து வலிக்கும்பா."

"கொடும்மா, ரெண்டு நிமிஷம். மகளைத் தூக்க வச்சு வேடிக்கை பாக்கிறான்னு நினைப்பாங்க."

நான் பட்டையோடு கொடுத்தேன். அவர் பட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். படங்களில் வரும் புகைப்படக்காரர்கள் அப்படித்தானே நிற்பார்கள். "காலைப் பிடிச்சுக்கோங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். அதிகாரியின் முன்னால் அவருக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பஸ் வந்து நிற்காமல் மெல்ல நகர்ந்தது. அப்பா ஓடினார். கழுத்தில் லென்ஸ் ஊஞ்சல் மாதிரி ஆடியது. படியில் கால் வைத்தபோது லென்ஸின் நடுப்பகுதி கதவுக் கம்பியில் இடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே உட்கார்ந்ததும் நான் மடியில் வாங்கிப் பார்த்தேன். கேமராவும் லென்ஸும் சேரும் இடத்தில், மேல்பக்கம், நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது.

"அப்பா, வளையம் வளைஞ்சிருக்கு."

"ஒண்ணும் ஆகலை."

"இங்க பாருங்க, மேல இடைவெளி."

"ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேன்ல." அதற்குப் பிறகு பாலம் முழுவதும் அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படிச் சொல்லப் போகிறார் என்று யோசித்துக்கொண்டே நானும் உடன் போனேன். அவருக்காக எனக்குக் கவலையாக இருந்தது. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி அது. காக்கு கண்ணாடியைப் பார்த்தார், விளிம்பில் விரலை ஓட்டினார். தன் கேமராவில் பொருத்தினார். சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி பொருத்தினார்.

"நொட்டோராஜ்-தா, இது எப்படி ஆச்சு?"

அப்பா சிரித்தார். என் தலையில் கை வைத்தார். "என்ன பண்றது ஷோமு-தா, சின்னப் பொண்ணுதானே. பஸ் ஏறும்போது கை தவறிப் போட்டுட்டா" என்றார். அப்பாவின் வங்காளி எப்போதும் திக்கித் திக்கித்தான் வரும். அன்று ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. தமிழில், அங்கே வேறு யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், "காக்குகிட்ட ஸாரி சொல்லுமா" என்றார். குரல் கெஞ்சியது. நான் சொன்னேன். "பூல் ஹொயே கேச்சே, காக்கு" என்றேன். தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு இதுதான். பொய்யை அவர் தொடங்கினார், முடித்து வைத்தது நான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அதைச் சொன்ன அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன், வீட்டுக்குப் போனதும் அவர் என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். தெருவில் இறங்கி நடந்தோம். அவர், "சின்னப் பிள்ளைங்க செஞ்சா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மையில்லை. மறுவாரம் சங்கத்தில் விதி வந்தது: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லென்ஸைத் தொடக்கூடாது. சாந்தினி பக்கம் ஒரு ரிப்பேர்காரர் வளையத்தைச் சரிசெய்து கொடுத்தார், லென்ஸ் பிழைத்துக்கொண்டது. படகில் எட்டாவது இடம் வேறொருவருக்குப் போனது. மற்ற ஏழு பேரில் அப்பா இருந்தார். காக்கு என்னிடம் நேரில் வந்து, "இந்தத் தடவை வேண்டாம் மா, பரீட்சைக்குப் படி" என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அதிலேயே புரிந்துவிட்டது.

"அப்பா சொன்னாரா?"

"சொன்னாரு. ரெண்டு நாளா சோறு இறங்கலை மனுஷனுக்கு."

"அப்ப அங்க போய்ச் சொல்லச் சொல்லும்மா."

"எப்படிடி சொல்லுவாரு? அத்தனை பேரு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு, மாத்திச் சொன்னா என்ன மரியாதை இருக்கும்? ஊர்விட்டு ஊர் வந்து இப்பதான் நாலு பேர் மதிக்கிறாங்க. உனக்கு என்ன, நீ சின்னப் பொண்ணு. உன்னை யாரு என்ன நினைக்கப் போறாங்க?"

"நான் தூக்கினா கீழ போட்டுடுவேன்னு நினைக்கிறாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். நீ என்ன காலம் பூரா லென்ஸா தூக்கப் போற?" என்று சொல்லிக் கீரைத் தண்டை ஒடித்தாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். நான் செய்யாத ஒன்று என் பேரில் இருக்கிறது. அதற்கும் நான் காலம் பூரா என்ன செய்யப்போகிறேன் என்பதற்கும் சம்பந்தமில்லை.

படகுக்குக் கிளம்பும் முன்தினம் சாயங்காலம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். அந்தப் பயணத்தில் லென்ஸ் அவர் பொறுப்பு. "நீ தைச்சியே, அந்தப் பட்டை எங்க? எப்படிக் கட்டணும்னு கொஞ்சம் காட்டு" என்றார். பட்டையின் ஒரு முனையில் தையல் விட்டுப்போயிருந்தது. ஊசியை எடுத்தேன். இப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. படகில் எங்கோ அது அறுந்து விழட்டும், அப்போது யார் மேல் பழி போடுவார் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அப்படி நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு வழக்கத்தைவிட நெருக்கமாக இரண்டு வரிசை தைத்தேன். லென்ஸ் என்ன தவறு செய்தது? அப்பாவின் தோளில் குறுக்கே போட்டு, அவர் கையை எடுத்து லென்ஸின் காலில் வைத்தேன். "இங்கதான் பிடிக்கணும். கேமரா வாரைக் கழுத்துல மாட்டாதீங்க. அன்னிக்கு மாட்டின மாதிரி" என்றேன். நிமிர்ந்து பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். "சரி" என்றார். பட்டையின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். மீன்கொத்திகளைப் பற்றி ஒரு மணி நேரம் அம்மாவிடம் பேசினார். தோள் துளிக்கூட வலிக்கவில்லை என்றார். எல்லோரும் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்களாம், இதேபோல ஒன்று வேண்டும் என்றார்களாம்.

"சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நீ தைச்சதுன்னுதானே? சொன்னேனே."

"அது இல்ல."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "இன்னுமா அதை நினைச்சுட்டிருக்க?" என்றார்.

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், சீருடையோடு, நேராகக் காக்குவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் யாருடைய பாஸ்போர்ட் படத்தையோ கத்தரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் வங்காளியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதை ஒரே மூச்சில் சொன்னேன். "லென்ஸை நான் போடலை காக்கு. அன்னிக்கு அது என் கையிலேயே இல்லை."

காக்கு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தெரியும் மா" என்றார்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. கீழ விழுந்திருந்தா முன்விளிம்பு அடிபட்டிருக்கணும். விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்ல. வளையம் மேல்பக்கம் வாயைப் பிளந்திருந்துச்சு. கேமரா வாரைக் கழுத்துல மாட்டி, லென்ஸ் தொங்கி இடிச்சாத்தான் அப்படி ஆகும். நீ அப்படித் தூக்கி நான் பார்த்ததே இல்லையே."

நான் கேட்டேன், "அப்புறம் ஏன் என் இடத்தை எடுத்தீங்க?"

"யோசிச்சுப் பாரு. உங்க அப்பா எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லிட்டார். அதுக்கப்புறம் நான் உன்னைப் படகுல ஏத்தினா, அவரைப் பொய்யர்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? பாவம், நல்ல மனுஷன். நீ சின்னவ, அடுத்த வருஷம் போலாம்." உள்ளே திரும்பி, எனக்கு இனிப்பு கொண்டுவரச் சொன்னார். தட்டில் இரண்டு சந்தேஷ் வந்தது. நான் தொடவில்லை. "வர்றேன் காக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா பொய் சொன்னது ஒரு பயத்தில் என்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நான் தெருவில் நடந்தபடி நினைத்தது வேறு. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், காக்குவுக்கு முதல் நாளே தெரியும். மூன்று பெரியவர்கள், மூவருமே என்மேல் பிரியமுள்ளவர்கள். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலேயே மூவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: யாருக்காவது கெட்ட பெயர் வர வேண்டுமானால் அது இவளுக்கு வரட்டும், இவளுக்கு அது ஒட்டாது என்று. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து மீன்கொத்திப் பட்டியலைக் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை. அதில் இருக்கும் தகவல்கள் சரியானவை.

உனக்கு நான் வாக்குக் கொடுப்பதெல்லாம் இவ்வளவுதான். என் கையில் ஒன்று உடைந்தால் என் கையில் உடைந்தது என்று சொல்வேன். எத்தனை பேர் முன்னால் என்றாலும், அவர்கள் எந்த மொழி பேசினாலும், எத்தனை வருடம் காத்திருந்து அங்கே எனக்கு இடம் கிடைத்திருந்தாலும் சொல்வேன். இதைச் சொல்வது எனக்கு இப்போது சுலபம், இன்னும் எனக்கு அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லையே என்று நீ கேட்கலாம். கேள். நான் அப்பாவைவிட நல்லவள் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் எழுதியே வைக்கிறேன். ஒருநாள் நான் உன் தலையில் கை வைத்து, நான்கு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே, நீ செய்யாததை நீ செய்ததாகச் சொன்னால், நீ என்னைப்போல் தலையாட்டாதே. "இல்லை அம்மா" என்று அங்கேயே சொல். எனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும்.

நேற்று சனிக்கிழமை. அப்பாவின் முறை மறுபடி வந்திருக்கிறது. சங்கத்து விதியைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லையாம். சாப்பாட்டு நேரத்தில், "நாளைக்கு ஏரிக்கு வர்றியா? இந்த வருஷம் வாத்து நிறைய இறங்கியிருக்கு" என்றார்.

"சாயங்காலம் காக்கு வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அடுத்த முறை வர்றேன்" என்றேன்.

அம்மா ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "தனியாத் தூக்கினா எனக்குக் கழுத்து வலிக்கும்" என்றார்.

"பட்டையைக் குறுக்கப் போட்டு, ஏழு கம்பத்துக்கு ஒரு தடவை தோளை மாத்துங்கப்பா. வலிக்காது."

இன்று விடியற்காலையில் தனியாகவே கிளம்பிப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பட்டையைச் சரியாகத்தான் போட்டிருந்தார். சொல்லித் திருந்தாதவர் இல்லை அவர். இன்று மாலை அவர் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது; சொல்ல மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன், அவர் என் அப்பா. ஆனால் அவர் சொல்லும்வரை லென்ஸை அவர்தான் தூக்க வேண்டும். என்னிடமும் நீ அப்படியே இரு.

உன் அம்மாவாகப் போகிறவள்